குரலை விழுங்கிய கம்பி

கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை மணி ஐயரின் பழைய கச்சேரி ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் கேக்கலையேடா."

ஒலியைக் கூட்டிக் கொடுத்தேன். மறுபடி மாட்டிக்கொண்டார், கொஞ்ச நேரம் பார்த்தார், தலையை ஆட்டினார். நான் வாங்கி என் காதில் வைத்து, அன்று காலையில் கேட்டுக்கொண்டிருந்த வேறொரு கச்சேரியைத் தட்டினேன். தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி, ஓடிக்கொண்டிருந்தது. மிருதங்கம் கணீரென்று கேட்டது. "ஹெட்போன் நல்லாத்தான் இருக்கும்மா" என்றேன்.

"அப்போ காதுதான் போச்சு போல. எழுபத்து நாலு ஆச்சே" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். அன்று மாலையே காது மருத்துவரிடம் அடுத்த வாரத்துக்கு நாள் வாங்கிவிட்டேன். அம்மா பதினாறு வயதில் மணி ஐயரை நேரில் கேட்டவர். அந்தக் காதுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அன்றிரவு தூக்கமே பிடிக்கவில்லை.

மறுநாள் இரவுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. அதே ஹெட்போனில், ஸ்ட்ரீமிங் செயலியில், எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு கரகரப்பிரியா ராக ஆலாபனையைப் போட்டேன். சபாவில் ஸ்டீரியோவில், அதாவது இடமும் வலமும் தனித்தனியாக, பதிந்த கச்சேரி. ஆலாபனை தொடங்க வேண்டிய இடத்தில் பாடகரைக் காணோம். வயலின் மட்டும் தனியாக, துல்லியமாக, யாரையோ பின்தொடர்வது போல வாசித்துக்கொண்டிருக்கிறது. பாடகரின் குரல் தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு சாயையாக மட்டும் கேட்கிறது. சபையில் யாரோ இருமுவது குரலைவிடத் தெளிவாகக் கேட்டது.

முதலில் செயலியைத்தான் சந்தேகப்பட்டேன். வேறொரு செயலியில் போட்டேன், அப்படியேதான். என் போனில் ஹெட்போன் துளை கிடையாது, சார்ஜர் துளையில் செருகும் டாங்கிள் வைத்துத்தான் கேட்கிறேன். டாங்கிளை மாற்றினேன். பிளக் பாதி நுழைந்திருந்தாலும் இப்படி ஆகும் என்பதால் பல்குச்சியால் துளையைச் சுத்தம் செய்து அழுத்திச் செருகினேன். பயனில்லை. மகளின் சாதாரண இயர்போனை மாட்டினால் பாடகர் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். ஆக, கோளாறு ஹெட்போனில்தான்.

அப்புறம்தான் அம்மாவுக்குப் போட்ட மணி ஐயர் கச்சேரி ஞாபகம் வந்தது. அதைப் போட்டேன். ஒன்றும் இல்லை. ஒலியை முழுதும் ஏற்றினால் மணலை முறத்தில் கொழிப்பது போல மெல்லிய இரைச்சல் மட்டும். குரல், வயலின், மிருதங்கம் எதுவுமே இல்லை. அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. சோதித்துப் பார்க்கிறேன் என்று வேறு பதிவை, அதுவும் தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேட்டது நான் செய்த பிழை. ராத்திரி பத்தரை மணிக்கு அம்மாவை எழுப்பி, "காதுக்கு ஒண்ணும் இல்லைம்மா, கம்பிதான் போயிருக்கு" என்று சொன்னேன். "நான்தான் சொன்னேனே, ஒண்ணும் கேக்கலைன்னு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாதாரண ஹெட்போன் பிளக்கில் மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. இடது ஒலிப்பானுக்குப் போன மின்சாரமும் வலதுக்குப் போனதும் திரும்பி வருவது இந்தப் பொதுக் கம்பி வழியாகத்தான். அது அறுந்துபோனால் இரண்டு ஒலிப்பான்களும் ஒரே வரிசையில் கோத்தது போல் ஆகிவிடும். அப்போது காதுக்கு வருவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் எதுவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கச்சேரிப் பதிவில் பாடகரின் மைக்கை நடுவில், அதாவது இரண்டு பக்கமும் சம அளவில் வைப்பார்கள். அதனால் குரல் மறைந்துவிடும். வயலினும் மிருதங்கமும் ஆளுக்கொரு பக்கமாக இருப்பதால் தப்பிவிடும். மணி ஐயர் காலத்துக் கச்சேரியோ மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான். முழுக் கச்சேரியும் நடுவிலேயே இருக்கிறது, எனவே முழுக் கச்சேரியும் காலி. அந்த மணல் இரைச்சல், டேப்பைக் கோப்பாக மாற்றியபோது இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பதிந்த சத்தம். அதனால்தான் அது மட்டும் மிஞ்சியது.

உறுதிப்படுத்த, கருவியே தேவைப்படாத இரண்டு சோதனைகளைச் செய்தேன். போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மோனோ ஒலி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டதும் ஸ்டீரியோ கச்சேரியும் அப்படியே அடங்கிப்போனது. அதே இடத்தில் இடம் வலம் சமநிலைக் கோடு ஒன்றும் உண்டு. அதை முழுக்க இடப்பக்கம் தள்ளினால், காணாமல் போன குரல் திரும்பி வந்தது. ஆனால் இடது காதில் மட்டும் வரவில்லை, இரண்டு காதிலும் மெலிந்து வந்தது. இந்த இரண்டும் நடந்தால் பொதுக் கம்பி அறுந்திருக்கிறது என்று கிட்டத்தட்டத் தீர்மானித்துவிடலாம்.

சரி, உடனே பிரித்துப் போட்டேனா என்றால் இல்லை. இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். அந்த வயலினை விட மனம் வரவில்லை. இருபது வருஷமாகக் கச்சேரி கேட்கிறேன். ஆலாபனையில் வயலின் பின்தொடரும் என்பது தெரியும். ஆனால் பாடகரை நீக்கிவிட்டு அந்தப் பின்தொடரலை மட்டும் கேட்டதே இல்லை. பாடகர் ஒரு சஞ்சாரத்தை, அதாவது ஒரு ஸ்வரக் கோவையை, முடித்து மூச்சு வாங்கும் நேரத்தில் வயலின் அதன் கடைசி நாலு ஸ்வரத்தை மட்டும் எடுத்துச் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு நிற்கிறது. பாடகர் மேலே தார ஸ்தாயிக்குக் கிளம்பும்போது வயலின்காரர் கூடவே ஏறுவதில்லை, கீழே ஷட்ஜத்தை, அதாவது ஸ-வை, பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். எங்கே பேசக்கூடாது என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறார். குரல் இருக்கும்போது நம் காது குரலோடு போய்விடுகிறது, இது எதுவும் கவனத்துக்கு வருவதில்லை. பக்கவாத்தியம் என்ற சொல்லில் உள்ள பக்கத்துக்கு எவ்வளவு கனம் என்று எனக்கு அந்த இரண்டு நாளில்தான் புரிந்தது. உடைந்த ஹெட்போன் இதற்குத் தேவையில்லை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கையிலுள்ள ஒரு ஸ்டீரியோ கோப்பைத் திறந்து, ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினால் இதே விளைவு கிடைக்கும். வயலின் கற்றுக்கொள்பவர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள், மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஹெட்போன் டப்பாவில் 32 ஓம் என்று போட்டிருந்தது. நல்ல நிலையில் இருந்தால் நுனிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ 32, வளையத்துக்கும் அடிக்கும் இடையே 32, நுனிக்கும் வளையத்துக்கும் இடையே 64 காட்ட வேண்டும். எனக்கு முதல் இரண்டும் எதுவும் காட்டவில்லை. மூன்றாவது மட்டும் 63. பிளக்கை ஒட்டிய இடத்தில் கேபிளை மெல்ல வளைத்தபோது முதல் அளவு ஒரு கணம் 32 என்று மின்னி மறைந்தது. பழுது எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டு நடக்கும்போது மடங்கி மடங்கி இற்றுப்போகும் இடம் அதுதான்.

திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில் உதிரிபாகக் கடை ஒன்று இருக்கிறது. மைக் வைத்த இயர்போனுக்கான நாலு பகுதிப் பிளக்கும் அங்கே உண்டு, அதை எடுத்துவிடக்கூடாது. மூன்று பகுதியுள்ள 3.5 மில்லிமீட்டர் உலோகப் பிளக், கொஞ்சம் ஈயம், அது ஒட்ட உதவும் பிளக்ஸ் பசை, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் வாங்கினேன். கடைத் தம்பி பில் போட்டுக்கொண்டே, "அண்ணே, உள்ள இருக்கிற கம்பிக்கு எனாமல் பூச்சு இருக்கும். அதை எரிச்சாத்தான் ஈயம் ஒட்டும்" என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு மணி நேரம் வீணாகியிருக்கும்.

பழைய பிளக்கிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டினேன். உள்ளே பச்சை, சிவப்பு, செம்பு நிறம் என்று மூன்று கற்றைகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய இழைகள், நடுவே பலத்துக்காக நைலான் நூல் வேறு. வெட்டிய துண்டைப் பிளந்து பார்த்தேன். செம்பு நிறக் கற்றையில் அத்தனை இழைகளும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. பச்சையும் சிவப்பும் முழுசாக இருந்தன.

நூலைக் கத்தரித்துவிட்டு, இழைகளை முறுக்கி, லைட்டர் சுடரில் ஒரு நொடி காட்டி எடுத்தேன். அதற்கு மேல் வைத்தால் கம்பியே கருகிவிடும். மெல்லிய உப்புத்தாளால் கரியைத் துடைத்து, பிளக்ஸ் தொட்டு, ஈயத்தைப் பூசிக்கொண்டேன். ஈயம் ஊறி கம்பி முழுவதும் வெள்ளியாக மின்னினால் எனாமல் போய்விட்டது என்று அர்த்தம். முத்து முத்தாக உருண்டு விழுந்தால் போகவில்லை. செம்பு நிறக் கம்பிக்கு மட்டும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. பச்சையை நுனிக்கும், சிவப்பை வளையத்துக்கும், செம்பை அடிக்கும் வைத்துப் பற்றவைத்தேன். அழகாக வந்திருந்தது. பிளக்கின் மூடியைத் திருகி மாட்டலாம் என்று கையை நீட்டினால், மூடி மேஜைமேல் இருக்கிறது. பற்றவைப்பதற்கு முன்பே அதைக் கேபிளில் கோத்திருக்க வேண்டும். மூன்று இணைப்பையும் கழற்றி, மூடியையும் ஷ்ரிங்க் குழாயையும் கோத்து, மறுபடியும் முதலிலிருந்து வைத்தேன். இரண்டாம் தடவை வைத்தது முதல் தடவையைவிட உறுதியாகவே இருந்தது.

மீட்டரில் 32, 32, 64. ஹெட்போனை மாட்டும் முன் ஒலியைக் கீழே இறக்கினேன். பழுதைத் தேடும்போது முழுதும் ஏற்றி வைத்திருந்தேன். அதே அளவில் அம்மா மாட்டியிருந்தால் காதில் அறைந்திருக்கும்.

அதே கரகரப்பிரியா. பாடகர் நடுவில் வந்து உட்கார்ந்தார். கம்பி அறுந்திருந்தபோது இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான், திசை என்பதே இல்லை. இப்போது மேடை விரிந்தது. இடது காதுப் பக்கம் மிருதங்கம், வலது பக்கம் வயலின். அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியும் அதே வரிசை. மிருதங்க வித்வான் அந்தப் பக்கம் உட்காருவதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் அவருடைய வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் கூர்மையான ஒலி தரும் பக்கம், சபையைப் பார்த்திருக்கும். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர் என்பதால் அவர் வாசித்தால் இடம் மாறி உட்கார வேண்டும், வயலின்காரர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாத வயலின்காரர்கள் இருந்தார்கள் என்பது கச்சேரி உலகத்தில் எல்லோரும் அறிந்த வருத்தமான சங்கதி. அவர் 1962-இல் மறைந்துவிட்டார். கிடைக்கும் அவருடைய மோனோ பதிவுகளில் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று எந்த ஹெட்போனாலும் சொல்ல முடியாது. அவருடைய தொப்பிச் சத்தத்தை, அதாவது மிருதங்கத்தின் கனத்த பக்கத்து ஒலியை, கேட்கும்போதெல்லாம் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தொப்பி என்றதும் இன்னொரு வேலை. காதைச் சுற்றி வரும் மெத்தை ஆறு வருஷத்தில் உரிந்து, அம்மாவின் நரைமுடியில் கறுப்புப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அழுக்கு என்பதோடு விஷயம் முடியவில்லை. மெத்தை காதைச் சுற்றிச் சீராகப் படியாவிட்டால் அந்த இடுக்கு வழியாகக் கனத்த சத்தம் கசிந்துவிடும். நீள அகலத்தை அளந்து புது மெத்தை வாங்கி மாட்டினேன், பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு தொப்பியில் கும்கி கொடுக்கும்போது வரும் அந்த வளைவு, ஒரு புள்ளியில் தொடங்கி மேலே வழுக்கிப் போவது, முழுசாகக் கேட்டது. எம்.டி. ராமநாதனின் கீழ்ச் சுருதிக் குரலுக்கும் அப்போதுதான் அடித்தளம் வந்தது. கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதன் காம்பு மெத்தையைத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கேட்கும்போது கழற்றிவிடுகிறேன்.

செயலியில் மாற்றியது மூன்றே விஷயம். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை மேலே கலக்கும் வசதியை நிறுத்தினேன், ஆலாபனையின் கடைசி ஷட்ஜத்தின்மேல் கிருதி ஏறி உட்கார்ந்துவிடுகிறது. எல்லாவற்றின் சத்தத்தையும் சமப்படுத்தும் வசதியையும் நிறுத்தினேன். தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். இதில் கடைசி விஷயத்தைவிட முதலாவதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

தேடுவதில்தான் இன்னும் சிரமம். மேற்கத்திய செவ்வியல் இசைக்கென்று 2023-இல் ஆப்பிள் ஒரு தனிச் செயலியே கொண்டுவந்தது. இயற்றியவர், நடத்துநர், படைப்பு என்று பிரித்துத் தேடலாம். நான் பயன்படுத்தும் செயலியில் தோடி ராகத்தைத் தேடினால், ஆங்கில எழுத்தில் யார் எப்படி எழுதினார்களோ அப்படி நாலு விதமாகக் கிடக்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் ஒரு இடத்தில் டி.என். என்று இருக்கிறது, இன்னொரு இடத்தில் திருவாவடுதுறை என்று. பக்கவாத்தியக்காரர் பெயர் பல பதிவுகளில் இல்லவே இல்லை. அந்த வயலினைக் கேட்ட பிறகு இது என்னை ரொம்பவே வருத்துகிறது. அதனால் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரு ராகம். அந்த ராகத்தில் எத்தனை பேர் கிடைக்கிறார்களோ அத்தனை பேரும். முதல் வாரம் தோடி. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் மூன்று நிமிடச் சொச்சத்தில் ராஜரத்தினம் பிள்ளை எத்தனை தூரம் போய்த் திரும்புகிறார் என்று கேட்டுவிட்டு, மறுநாள் ராமநாதனின் அவசரமே இல்லாத தோடிக்குப் போனால், ஒரே ஊரை ரயிலிலும் நடந்தும் பார்த்தது போல இருந்தது.

தம்புராவைத் தனியாகக் கேட்பதையும் ஹெட்போன்தான் பழக்கியது. கச்சேரி தொடங்கும் முன் உள்ள அரை நிமிடத்தை முன்பெல்லாம் தள்ளிவிடுவேன். இப்போது கண்ணை மூடிக் கேட்கிறேன். மந்தர ஷட்ஜத் தந்தி அடங்கும்போது, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் உள்ளிருந்து மெல்ல எழும். அந்தத் தந்தியின் அடிச்சுரத்தைப் போல ஐந்து மடங்கு அலைவெண் கொண்ட மேற்சுரம் அது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் ஜீவாளி நூல் சரியாக இருந்தால் தெளிவாகவே கேட்கும்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மாவுக்கு மணி ஐயரைப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கச்சேரி ஸ்ட்ரீமிங்கில் உள்ளதல்ல. மாமா ஒருவர் ஸ்பூல் டேப்பில் பதிந்து, பின்னால் கேசட்டாகி, அப்புறம் கோப்பாக என் போனுக்கு வந்தது. அம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். பத்து நிமிடம் கழித்து ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினார்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது. ஆனா அவர் குரல் இல்லைடா இது. சுருதி ஏறியிருக்கு. ஓடுறார் வேற."

ஸ்ட்ரீமிங்கில் கிடைத்த அவருடைய வேறு மூன்று பதிவுகளை எடுத்து, தம்புரா செயலியோடு ஒட்டிப் பார்த்தேன். மூன்றும் ஏறத்தாழ ஒரே சுருதியில் நின்றன. மாமாவின் டேப் மட்டும் அரைக் கட்டை மேலே. ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து அலைவெண் வரைபடத்தைப் பார்த்தேன். நம் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ், பழைய பதிவுகளில் அதன் ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் 50-இல் மெலிதாக ஒரு மேடு, அது கேசட்டைக் கோப்பாக்கியபோது வந்தது. இன்னொரு மேடு 53-க்குப் பக்கத்தில். ஸ்பூல் காலத்து ரீங்காரம் அங்கே ஏறி நிற்கிறது. அந்தக் காலத்தில் மின்சார அலைவெண்ணே ஏறி இறங்கும் என்பதால் இதை மட்டும் நம்பமுடியாது. ஆனால் தம்புராவும் இதுவும் ஒரே கணக்கைச் சொன்னதால் துணிந்தேன். அரைக் கட்டை இறக்க வேகத்தை 0.944 மடங்காக்க வேண்டும். குரலும் தாளமும் சேர்ந்தே இறங்கும் வகையில் வேகத்தை மாற்றிச் சேமித்தேன்.

அம்மா முதலில் எதுவும் சொல்லவில்லை. கற்பனை ஸ்வரம் வந்து முடிந்து மிருதங்கத்துக்கு இடம் விடும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அப்புறம், "ரெண்டாவது பக்கமும் இருக்குமே, அதையும் இப்படி மாத்தி வை" என்றார். காது மருத்துவரிடம் வாங்கிய நாளை அவரே போன் செய்து வேண்டாம் என்று சொல்லியிருந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும்.